முடியாது என்பார்க்கு ஒரு கணக்கு

உலகியலில் 'முடியாது' என்னுஞ் சொல்லைப் போல எளிதில் வழங்கப்படும் சொல் வேறொன்றில்லை. கந்தோரிற் சென்று கேட்டால் முடியாது. நெரிசலான பஸ்ஸில் இடங்கேட்டால் முடியாது. பிள்ளைக்கு இன்ன பாடம் வேண்டுமென்று கேட்டால் நேரசூசியில் இடமில்லை, முடியாது. இவ்வாறு சொல்வோர் எல்லோரும் பொய்யர் அல்லர். சில வேளைகளில் உண்மையாகவே முடியாதுதான். வேறு சில வேளைகளிலோ, அடுக்கத் தெரியாமையே முடியாமையாகத் தோன்றிவிடுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு விடைதேடிப் புறப்பட்ட கணிதப் பகுதி ஒன்றுண்டு. கோட்டுருவியல் என்னும் துறையில் 'நிறைவுக் கோட்டுரு' என அதனை அழைக்கலாம். அறிஞர் பலர் 40 ஆண்டுகளுக்கு மேலாக முயன்று தெளிந்த விஷயம் அது. ஆயினும் அதன் அடிக்கருத்தை விளங்கிக்கொள்ளக் கூட்டலும் கழித்தலுங்கூட வேண்டியதில்லை. மாத்தளையில் நாம் கண்ட சிலவற்றைக் கொண்டு அதனை இங்கே சொல்ல முனைகின்றோம்.

முதலிற் கோட்டுரு என்பது யாதெனப் பார்ப்போம். கணித பாடத்தில் மாணவர் சதுரக் கோட்டுத் தாளில் வரையும் வரைபு வேறு, இது வேறு. வெறுந்தாளில் சில புள்ளிகளை இடுங்கள். எந்த இரு புள்ளிகளுக்கிடையே ஓர் உறவுண்டோ அவற்றை ஒரு கோட்டால் இணையுங்கள். அவ்வளவே கோட்டுரு.

ஒரு கலியாண வீட்டை எண்ணிக்கொள்வோம். உறவினருள் சிலர் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாதவர். அவர்களை ஒரே பந்தியில் இருத்தினால் சோறு இறங்காது. உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளியிட்டு, பகையுள்ள இருவரைக் கோட்டால் இணைத்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் கோட்டுரு கிடைத்துவிடும். இனி, முதற் பந்திக்குச் சிவப்பு, இரண்டாம் பந்திக்குப் பச்சை என நிறங்களை வைத்துக்கொண்டு புள்ளிகளுக்குத் தீட்ட வேண்டும். கோட்டால் இணைந்த இரு புள்ளிகள் ஒரே நிறம் பெறலாகாது. மிகக் குறைந்த நிறங்கள் எத்தனை? அத்தனை பந்திகள் போதும்.

மூவர் தம்முள் ஒவ்வொருவரும் மற்ற இருவரோடும் பகையாயின், மூன்று பந்திகள் வேண்டுமென்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இவ்வாறு ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இணைந்து நிற்கும் புள்ளிக் கூட்டத்தை 'முழுப்பிணை' என்போம். மிகப் பெரிய முழுப்பிணையில் எத்தனை புள்ளிகளோ, அதற்குக் குறைந்த நிறங்களால் ஒருபோதும் ஆகாது. ஆனால், அத்தனை நிறங்கள் போதுமா? முழு விஷயமும் இந்தச் சிறு வினாவிலேதான் அடங்கியிருக்கின்றது.

போதுமாயின் எவ்வளவு நல்லதென்று பாருங்கள். 'இரண்டு பந்தியில் முடியாது' என்பவர், 'இதோ இந்த மூவரைப் பாருங்கள்' என்று விரல் நீட்டிக் காட்டிவிடலாம். காட்ட முடியாதவர் தம் சொல்லை மீட்டுக்கொள்ள வேண்டியதுதான். முடியாமைக்குக் கண்கண்ட சாட்சி உண்டு, அல்லது முடியாமையே இல்லை என்னும் நேர்மையான உலகம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் மாத்தளை நகரில், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் தோட்டப் பிள்ளைகளுக்கெனச் சனிக்கிழமை வகுப்புகள் நடைபெற்றன. ரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். ஆசிரியர்கள் ஊதியமின்றிக் கற்பித்தார்கள். நேரசூசி வகுக்கும் வேலை எம்மிடம் வந்து சேர்ந்தது. எமக்கு இரவலாகக் கிடைத்த அறைகள் மூன்று. வகுப்புகளோ ஏழு. ஆசிரியர்கள் தத்தமக்கு இயன்ற நேரத்தை முன்னரே சொல்லிவிட்டனர்.

தமிழ் 8.00 முதல் 9.30 வரை, 11 ஆம் தரக் கணிதம் 8.00 முதல் 10.00 வரை, ஆங்கிலம் 8.30 முதல் 10.00 வரை, விஞ்ஞானம் 9.30 முதல் 11.00 வரை, வரலாறு 10.00 முதல் 11.30 வரை, 10 ஆம் தரக் கணிதம் 10.00 முதல் 12.00 வரை, குடியியல் 11.00 முதல் 12.30 வரை.

எம்முடன் உழைத்த நண்பரொருவர் பாடங்களின் இயல்பு பார்த்து இவற்றை அடுக்கினார். கணித வகுப்பு இரண்டும் ஓர் அறைக்குப் போயின. தமிழும் வரலாறும் ஓர் அறையில். ஆங்கிலமும் குடியியலும் ஓர் அறையில். விஞ்ஞானம் நடுத்தெருவில் நின்றது. இரண்டாம் அறையில் 9.30 முதல் 10.00 வரை மாத்திரமே இடம்; மூன்றாம் அறையில் 10.00 முதல் 11.00 வரை மாத்திரமே இடம். 'நான்காவது அறை இல்லையேல் விஞ்ஞானத்தை நிறுத்துவதன்றி வேறு வழியில்லை' என்றார் நண்பர். மலைத் தோட்டங்களில் விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது எத்துணை அரிது என்பதை அப்பகுதியார் அறிவர். அந்த வகுப்புக்கென்றே வந்த பிள்ளைகளும் இருந்தனர்.

நாம் கேட்டது ஒன்றே: 'எந்த நேரத்திலாவது நான்கு வகுப்புகள் ஒருங்கே நடைபெறுகின்றனவா?' மணிவாரியாக எண்ணிப் பார்த்தோம். எந்தக் கணத்திலும் மூன்றுக்கு மேல் இல்லை. அவ்வாறாயின் மூன்று அறைகள் போதியாக வேண்டும். எங்ஙனமெனில், வகுப்புகளைப் பாடவாரியாக அன்றித் தொடங்கும் நேரவாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் அப்பொழுது வெறுமையாயுள்ள அறையில் இருத்துக. தமிழ் முதலாம் அறை, கணிதம் இரண்டாம் அறை, ஆங்கிலம் மூன்றாம் அறை. 9.30 இல் தமிழ் எழும்ப, அங்கே விஞ்ஞானம் அமரும். 10.00 இல் வரலாறு இரண்டாம் அறையையும் 10 ஆம் தரக் கணிதம் மூன்றாம் அறையையும் பெறும். 11.00 இல் விஞ்ஞானம் எழும்ப, குடியியல் அங்கே அமரும். ஏழு வகுப்பும் மூன்று அறையில் அடங்கின.

இது தற்செயலன்று. ஒரு வகுப்புத் தொடங்கும்போது மூன்று அறைகளும் நிறைந்திருந்தால், அக்கணத்தில் நான்கு வகுப்புகள் ஒருங்கே நடக்க வேண்டியுள்ளன என்பது பொருள். அங்ஙனம் ஒரு கணம் இல்லையென்று முன்னரே எண்ணிவிட்டோம். ஆதலால் இடர்ப்பாடு வரவே வராது. நேரத்தால் ஒன்றையொன்று தொடும் நிகழ்ச்சிகளின் கோட்டுருவை 'இடைவெளிக் கோட்டுரு' என்பர். மாத்தளை பஸ் நிலையத்தில் எத்தனை தரிப்பிடங்கள் வேண்டும், புகையிரத நிலையத்தில் எத்தனை மேடைகள் வேண்டும் என்பனவெல்லாம் இக்குடும்பத்துக் கணக்குகளே.

இத்தகைய கோட்டுருவைக் கொண்டு துப்பறியும் கதையே எழுதிவிட்டார் ஒரு கணித அறிஞர். அவர் பிரெஞ்சு நாட்டவரான குளோட் பெர்ஜ். டென்ஸ்மோர் பிரபுவைக் கொன்றவர் யார் என்பது 1994 இல் வெளிவந்த அக்கதையின் வினா. அதிலுள்ள சூட்சுமம் இதுதான். நால்வர் ஒரு வீட்டுக்குத் தலைக்கு ஒரு முறையே வந்து போயினர் என்போம். முதல்வர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் நான்காமவரையும், நான்காமவர் முதல்வரையும் அங்கே கண்டனர். ஆனால் முதல்வரும் மூன்றாமவரும் சந்திக்கவில்லை. இரண்டாமவரும் நான்காமவரும் சந்திக்கவில்லை. இஃது இயலுமா? இயலாது. முதல்வர் போன பின்னரே மூன்றாமவர் வந்தாரென்றால், இருவரையும் கண்ட இரண்டாமவரும் நான்காமவரும் அவ்விடைப்பொழுது முழுவதும் வீட்டில் இருந்தாக வேண்டும். ஒருவரையொருவர் காணாமற் போவது எப்படி? எனவே யாரோ ஒருவர் ஒரு முறைக்கு மேல் வந்திருக்கின்றார். பொய் அகப்பட்டுவிட்டது.

இனி, முழுப்பிணை பொய்த்துப்போகும் இடத்தைக் காண்போம். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமக விழாவிற் பஞ்சரத பவனி பெயர்பெற்றது. ஐந்து தேர்களும் வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்க. அடுத்தடுத்த தேர்களுக்கு ஒரே நிற மாலை ஆகாதென்று வைத்துக்கொண்டால், சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என இரு நிறங்களே போதும். ஐந்து தேர்களையும் வட்டமாக நிறுத்தினாலோ? முதல் தேரும் ஐந்தாந் தேரும் அயலாகிவிடும், இரண்டும் சிவப்பு. எப்படி மாற்றினாலும் மூன்றாம் நிறமின்றித் தீராது. ஆயினும் தம்முள் மூன்றும் அயலான தேர்கள் அங்கே இல்லை. முடியாமை இருக்கின்றது, விரல் நீட்டிக் காட்டச் சிறு கூட்டம் இல்லை. குற்றம் எந்த ஓர் இடத்திலும் இல்லை, வட்டம் முழுவதிலும் பரந்து கிடக்கின்றது. நான்கு தேர்களாயின் இத்தொல்லை இல்லை, ஆறாயினும் இல்லை. ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஒற்றைப்பட வட்டங்களே இடர் விளைப்பன.

மேற்சொன்ன பெர்ஜ், 1960 ஆம் ஆண்டளவில் இதனை ஆழ்ந்து நோக்கினார். ஒரு கோட்டுருவின் எந்தப் பகுதியைப் பிரித்தெடுத்துப் பார்த்தாலும், அப்பகுதியின் மிகப் பெரிய முழுப்பிணையில் உள்ள புள்ளிகளின் தொகைக்குச் சமமான நிறங்கள் அதற்குப் போதுமாயின், அதனை நிறைவுக் கோட்டுரு என்றார். 'எந்தப் பகுதியையும்' என்ற சொல் இன்றியமையாதது. இல்லையேல் ஒரு பெரிய முழுப்பிணையின் நிழலில் ஐந்து தேர் வட்டம் ஒளிந்துகொள்ளும்.

பெர்ஜ் இரண்டு ஊகங்களை முன்வைத்தார். ஒரு கோட்டுரு நிறைவானதாயின், அதன் மறுதலையும் நிறைவானதே என்பது முதலாவது. மறுதலை என்பது, உள்ள கோடுகளை அழித்து, இல்லாத கோடுகளை வரைவது. யார் யாரோடு பகை என்ற படம் நிறைவாயின், யார் யாரோடு உறவு என்ற படமும் நிறைவாகும் என்பது அதன் கருத்து. இரண்டாவது ஊகம் இன்னும் வலியது. நிறைவைக் கெடுப்பன, குறுக்குக் கோடில்லாத ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைப்பட வட்டங்களும், அவற்றின் மறுதலைகளும் மாத்திரமே. வேறு பகை எதுவும் இல்லை என்பது அது.

நிறைவுக் கோட்டுரு பற்றிய பெர்ஜின் தொடக்கக் கட்டுரை ஒன்று, 1963 இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பிலேயே இடம்பெற்றது. முதலாவது ஊகத்தை ஹங்கேரியரான லாஸ்லோ லோவாஸ் நிறுவி 1972 இல் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 24. அமெரிக்கரான ஃபுல்கர்சன் என்னும் அறிஞர் அதே நிறுவலுக்கு ஒரு படி குறைவாக வந்து நின்றிருந்தார். எஞ்சிய அந்தப் படி உண்மையாயிருக்குமோ என்ற ஐயமே அவரைத் தடுத்தது. லோவாஸ் நிறுவிவிட்டார் என்ற செய்தி எட்டியதும், சில மணி நேரத்தில் அவரும் அதனை முடித்துவிட்டார். வழி அவர் கையிலேயே இருந்தது; முடியும் என்ற நம்பிக்கைதான் பிறரிடமிருந்து வர வேண்டியதாயிற்று. மாணவர்கள் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

இரண்டாவது ஊகத்துக்கு எம் அயலிலும் உழைத்தோர் உளர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கே. ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும், ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் காக்கைக் கால்போலப் பிரிந்து, அவற்றின் முனைகள் தம்முள் தொடாது நிற்கும் வடிவம் இல்லாத கோட்டுருக்கள் அனைத்துக்கும் அவ்வூகம் மெய்யே என 1976 இல் நிறுவினர். 1979 இல் வேறொரு வகுப்புக் கோட்டுருக்களுக்கும் அவர்கள் அதனை ஆராய்ந்து எழுதினர். இறுதியில் மரியா சுட்னோவ்ஸ்கி, நீல் ரொபர்ட்சன், போல் சீமோர், ரொபின் தோமஸ் என்னும் நால்வர் 2002 மே மாதத்தில் முழு நிறுவலை அறிவித்தனர். அச்சேறியது 2006 இல். ஏறத்தாழ 180 பக்கங்கள். வினாவை எழுப்பிய பெர்ஜ், அவ்வறிவிப்பு வெளிவந்த அடுத்த மாதமே, 2002 ஜூன் 30 ஆந் திகதி காலமானார்.

இவ்வளவு உயர்ந்த கணிதம் எமது சனிக்கிழமை வகுப்பில் மறுபடியும் தலைகாட்டியது. மறு ஆண்டில், பிற்பகலில் ஐந்து தெரிவுப் பாடங்களையும் நடத்த விரும்பினோம். பிற்பகல் 4 மணிக்குப் பின் மலைக்குப் பஸ் இல்லாதபடியால், இரண்டு பாடவேளைகளுக்கே அவகாசம். பிள்ளைகள் தமக்குக் கடினமான இரண்டு பாடங்களை மாத்திரம் தெரிந்துகொண்டு வந்தனர். வணிகமும் இலக்கியமும் கற்போர் சிலர். இலக்கியமும் புவியியலும் சிலர். புவியியலும் சங்கீதமும் சிலர். சங்கீதமும் சுகாதாரமும் சிலர். சுகாதாரமும் வணிகமும் கற்பவள் ஒரே ஒரு மாணவி. ஒரு பிள்ளைக்குரிய இரு பாடங்கள் ஒரே வேளையில் வரலாகாது.

கோடுகளை வரைந்தோம். எந்த மூன்று பாடங்களும் தம்முள் பிணைந்திருக்கவில்லை. எனவே இரண்டு வேளை போதும்போலத் தோன்றிற்று. எத்தனை விதமாக அடுக்கியும் போதவில்லை. பாடங்களோ ஐந்து; கோடுகளோ வட்டம்! தேர்கள் ஐந்தும் கண்முன் வந்து நின்றன. முன்னைய ஆண்டில் 'முடியாது' என்றது அடுக்கின் பிழை. இம்முறை 'முடியாது' என்பதே மெய்.

வட்டத்தை உடைக்க எளிய வழி ஒன்றிருந்தது. சுகாதாரத்தையும் வணிகத்தையும் இணைத்த கோடு ஒரே ஒரு பிள்ளையால் வந்தது. அவள் ஒரு பாடத்தை விட்டுவிட்டால் வட்டம் வரிசையாகும். இரு வேளையில் அனைத்தும் அடங்கும். 'ஒருத்திக்காக எல்லோரும் இடர்ப்படுவதா?' என்று கேட்டவர்களும் நல்லெண்ணத்தோடேயே கேட்டார்கள். தாளில் அஃது ஓர் அங்குலக் கோடு. அழிறப்பரால் ஒரு தேய்ப்பு. ஆனால் அந்தக் கோடு, விடியுமுன் மேற்கணக்கு லயத்திலிருந்து இறங்கி நடந்து பஸ் பிடித்து வரும் ஒரு பிள்ளை. எமக்குக் கை எழவில்லை.

விஷயத்தைப் படத்தோடு ஆசிரியர்கள் முன் வைத்தோம். இங்கே யாருடைய அசிரத்தையும் இல்லை, வட்டமே தடை என்பது விளங்கியதும், குறைகூறும் பேச்சு அடங்கிவிட்டது. சுகாதாரம் கற்பித்த ஆசிரியை, 'மத்தியான இடைவேளையில் அவளை என்னிடம் அனுப்புங்கள்' என்றார். அவ்வாண்டு முழுவதும் விறாந்தையில், சோற்றுப் பொதியை அருகில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மாணவிக்கு ஒரு வகுப்பு நடந்தது. கணித மொழியிற் சொன்னால், நாம் கோட்டை அழிக்கவில்லை. ஒரு புள்ளியைக் கூட்டினோம். வட்டம் அவிழ்ந்தது. அவள் இரண்டு பாடமும் பரீட்சை எழுதினாள்.

நிறைவுக் கோட்டுரு எமக்குக் கற்பித்தது, எல்லாம் முடியும் என்பதன்று. முடியாமையில் வகை உண்டு என்பதே. கூட்டத்தால் வரும் முடியாமைக்குச் சாட்சி உண்டு. அதனைக் கண்டால் பணிந்து, இன்னோர் அறையைத் தேடுக. அடுக்கால் வரும் முடியாமை பொய்; அதனைக் கலைத்து மீண்டும் அடுக்குக. வட்டத்தால் வரும் முடியாமையோ யாருடைய குற்றமும் அன்று; அங்கே எவராவது சிறிது கூடுதலாகக் கொடுத்தாலன்றி வழி பிறவாது. இம்மூன்றையும் பிரித்தறியாத வீட்டிலுஞ் சரி, பாடசாலையிலுஞ் சரி, விட்டுக்கொடுக்கும் பாரம் எப்பொழுதும் மிக எளிய பிள்ளையின் தலையிலேயே விழுகின்றது.

மாணவ அன்பர்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை தருகின்றோம். க, ச, த, ப, ம என்னும் ஐந்து எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள். தந்தியில் அனுப்பும்போது, ஓர் எழுத்து அதன் அயலெழுத்தாக மயங்கிவிடக்கூடும். மயங்காத ஒற்றை எழுத்துகளாக இரண்டையே தெரிந்தெடுக்கலாம். இரண்டெழுத்துச் சொற்களாயின், இரண்டை இரண்டாற் பெருக்கி நான்கு என்பீர்கள். ஐந்து கிடைக்கும்! ஷனன் என்னும் அமெரிக்கர் 1956 இல் இதனைக் கண்டார். சொற்களை எவ்வளவு நீட்டினாலும் இந்த வீதத்தை விஞ்ச முடியாது என்பதை அதே லோவாஸ் 1979 இல் நிறுவினார். அந்த ஐந்து சொற்களையும் கண்டுபிடியுங்கள். ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். 'முடியாது' என்று மாத்திரம் உடனே சொல்லிவிடாதீர்கள்.